சுவருக்குள் ஜெனரல் ஷிப்ட்

பெரிய மரியாதைக்கும் சிறிய பயத்துக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் பணிவோடு எழுதுவது.

இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகம். சுவருக்குள் இருந்தவரும் போகும்போது சுகமாகத்தான் போனார். அங்கே நீங்களும் என் மகளும், நான் இன்னும் கையில் வாங்கிப் பார்க்காத என் பேத்தியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்புவதைத் தவிர வேறு வழியில்லை. போன் செய்தால் மீட்டிங்கில் இருக்கிறீர்கள். மகள் எடுத்தால் குழந்தை தூங்குகிறது என்று கிசுகிசுக்கிறாள். வீடியோவில் காட்டச் சொன்னால், நீங்கள் போனைப் பிடிக்கிற லட்சணத்தில் பாதி நேரம் உங்கள் வீட்டு மின்விசிறிதான் தெரிகிறது. அது நல்ல மின்விசிறி. ஆனால் அதைக் கொஞ்சுவதற்காக நான் ரிடையர் ஆகவில்லை.

சென்ற மாதம் பதினோராம் தேதி காலையில் நீங்கள் மட்டும் தனியாக வந்து, குழந்தைக்காக நாங்கள் ஒழித்து வைத்திருந்த மூலை அறையைப் பரிசோதித்தது எங்களுக்குப் பெரிய கௌரவம். தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருப்பவர் டேப்பும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு மாமனார் வீட்டுக்கு வருவது எல்லாருக்கும் கிடைக்கிற பாக்கியமில்லை. பிளக் பாயிண்ட் எத்தனை உயரத்தில் இருக்கிறது, ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே எத்தனை விரல் போகும், கதவு தானாகச் சாத்திக்கொள்ளுமா என்றெல்லாம் அளந்து எழுதிக்கொண்டீர்கள். நாலு மாதக் குழந்தை எழுந்து நடந்து போய் பிளக்கில் விரல் வைக்க இன்னும் நாளாகும் என்று உங்கள் அத்தை முணுமுணுத்தது உங்கள் காதில் விழவில்லை. சுவருக்குள் கேட்ட "கரக் கரக்" மட்டும் நன்றாக விழுந்துவிட்டது.

"மாமா, சுவருக்குள்ள ஏதோ இருக்கு" என்றீர்கள்.

"பக்கத்து வீட்ல ஏதாவது தேய்ச்சுட்டு இருப்பாங்க மாப்பிள்ளை."

"இல்ல மாமா, உயிரோட இருக்கு. என்ன மிருகம்னு முதல்ல கண்டுபிடிங்க. அது தெரியாம குழந்தையை இங்க அனுப்ப மாட்டேன்."

உங்கள் அத்தை கொண்டு வந்த டீயை நின்றபடியே பாதி குடித்துவிட்டுப் புறப்பட்டுவிட்டீர்கள். மூன்றாம் நாள் உங்களிடமிருந்து தட்டச்சு செய்த மூன்று பக்கம் வந்தது. சுரண்டும் சத்தமா, கொறிக்கும் சத்தமா, ஓடும் சத்தமா, சிறகடிக்கும் சத்தமா, எத்தனை மணிக்கு, எந்தத் திசையில் என்று கவனித்து எழுத வேண்டும் என்று உத்தரவு. கடைசி வரியில் "அன்புடன்" என்று போட்டிருந்தீர்கள். அதைப் படித்த பிறகுதான் இது குடும்பத்துக்குள் நடக்கிற விஷயம் என்று எனக்கு உறைத்தது.

பேத்தி பிறந்த வாரம் எனக்குக் கண்ணில் புரை எடுத்திருந்தார்கள். பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்குச் சொட்டு மருந்து ஊற்ற வேண்டியிருந்ததால் உங்கள் அத்தையும் வரவில்லை. கண் சரியானதும் வருகிறோம் என்று எழுதினோம். உங்கள் வீட்டில் இடம் போதாது, நாங்களே வருகிறோம் என்று மிகவும் பண்பாகப் பதில் போட்டீர்கள். இன்று வருவீர்கள், நாளை வருவீர்கள் என்று நாலு மாதம் ஓடிவிட்டது. நடுவில் நிற்பது இந்த ஒரு சுவர்தான். அதனால் சுவரோடு மோதிப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

நான் டைம் ஆபீஸில் முப்பத்து நாலு வருஷம் டைம் கீப்பராக இருந்தவன் என்பதை நீங்கள் மறந்திருக்கலாம். கேட்டுக்குள் போனவர் யார், வெளியே வந்தவர் யார், எத்தனை மணி எத்தனை நிமிஷம் என்று இரண்டாயிரம் பேருக்கு எழுதியவனுக்கு ஒரு சுவரும் ஒரு மிருகமும் எம்மாத்திரம் என்று நினைத்தேன். நீள நோட்டு ஒன்று வாங்கிக் கோடு போட்டேன். அறைக்குள் நாற்காலி போட்டு, டம்ளரைச் சுவரில் கவிழ்த்து, அதன் அடியில் காதை வைத்து உட்கார்ந்தேன். முதல் நாள் பதிவு: 7.05, கரக். 7.20, கரக் கரக். 8.30 முதல் 8.50 வரை இடைவிடாத உறுமல். பெரிய மிருகம், கரடியாகக்கூட இருக்கலாம் என்று எழுதப் போனேன். உங்கள் அத்தை நோட்டை எட்டிப் பார்த்தாள்.

"எட்டரையிலேர்ந்து நீங்க நாற்காலியில தூங்கிட்டு இருந்தீங்க. அந்த உறுமல் உங்களோடது" என்றாள். அந்த வரியை அடித்துவிட்டேன்.

ஒரு வாரம் இப்படிப் போனது. என் இடது காதைச் சுற்றி டம்ளரின் வட்டம் நிரந்தரமாகப் பதிந்துவிட்டது. கடைக்குப் போனால் எல்லாரும் முதலில் காதைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்க்கிறார்கள். இனி நிபுணர்களிடம் போவதே மேல் என்று முதலில் பிளம்பரைக் கூப்பிட்டேன். அவர் சுவரை இரண்டு தட்டுத் தட்டினார். "சார், இதுல மிருகமும் இல்ல ஒண்ணும் இல்ல. குழாய்ல காத்து" என்றார். காற்றுக்கு மத்தியானம் ஒரு மணி நேரம் ஓய்வு வேண்டியிருக்குமா என்று கேட்டேன். "காத்துன்னா அப்படித்தான் சார் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, குளியலறைக் குழாயைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு போனவர் மறுநாள் மாலைதான் திரும்பி வந்தார். அதுவரை வீட்டில் தண்ணீர் இல்லை. சத்தம் மட்டும் குறைவில்லாமல் வந்துகொண்டிருந்தது. குழாயை மாட்டிய பிறகு, குழாயிலும் ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. அதற்குக் காரணம் கேட்டபோது அது மிருகமாக இருக்கலாம் என்றார்.

அடுத்து எலக்ட்ரீஷியன். அவர் வாசற்படியில் செருப்பைக் கழற்றும்போதே "எலி சார்" என்று தீர்ப்பு சொல்லிவிட்டார். "வயரைக் கடிக்கும், புகையும், தூங்கிட்டு இருக்கும்போதே வீடு போயிடும்" என்றும் ஆறுதல் சொன்னார். சுவிட்ச் போர்டைக் கழற்றினார். உள்ளேயிருந்து ஒரு கரப்பான் பூச்சி வந்து எங்கள் மூவரையும் பார்த்துவிட்டு நிதானமாகத் திரும்பிப் போனது. போர்டைத் திரும்ப மாட்டியதிலிருந்து மூலை அறை சுவிட்சைப் போட்டால் சமையலறை விளக்கு எரிகிறது. உங்கள் அத்தை இப்போது வெங்காயம் நறுக்க வேண்டுமென்றால் மூலை அறைக்குப் போய்விட்டு வருகிறாள்.

இதற்குள் விஷயம் தெருவுக்குப் போய்விட்டது. பக்கத்து வீட்டுக்காரரை இந்தத் தெருவில் "அகராதி" என்றுதான் கூப்பிடுவார்கள். கேட்காத கேள்விக்கும் பதில் வைத்திருப்பவர். அவர் வந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தார். "எலி இருக்குன்னு எலக்ட்ரீஷியன் சொன்னாரா?" என்றார். ஆமாம் என்றேன். "அப்ப பாம்பும் இருக்கும். எலி எதுக்கு உள்ள போச்சுன்னு தெரியல, ஆனா பாம்பு எதுக்குப் போச்சுன்னு எனக்குத் தெரியும்" என்றார். இந்தத் தர்க்கத்தில் ஓட்டை கண்டுபிடிக்க நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, உங்கள் அத்தை கட்டிலின் மேல் ஏறிக் காலை மடக்கி உட்கார்ந்துவிட்டாள். அன்று முழுவதும் இறங்கவில்லை. சமைத்தது நான். சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, பாம்பே பரவாயில்லை என்று மாலையில் அவளாகவே இறங்கிவிட்டாள்.

பிறகு பூச்சி மருந்து கம்பெனிக்காரர் வந்தார். முதுகில் டப்பா, முகத்தில் முகமூடி, கையில் படிவம். சும்மா சொல்லக் கூடாது, பார்க்க நம்பிக்கையாக இருந்தது.

"என்ன பிராணி சார்?" என்று பேனாவைத் திறந்தார்.

"அதைக் கண்டுபிடிக்கத்தானேப்பா உங்களைக் கூப்பிட்டேன்."

"எலின்னா ஒரு மருந்து சார், கரையான்னா ஒரு மருந்து. என்னன்னு நீங்க சொன்னாத்தான் நாங்க அடிக்க முடியும். கண்டுபிடிக்கறது எங்க டிபார்ட்மெண்ட் இல்ல."

"அது எந்த டிபார்ட்மெண்ட்?"

"அது கஸ்டமரோட டிபார்ட்மெண்ட் சார்."

படிவத்தில் "பிராணி: தெரியவில்லை" என்று எழுதி, என்னிடமே கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். மூன்று பக்கத்தோடு உங்களையும் அவரையும் ஒரே அறையில் உட்கார வைத்தால் நன்றாகப் பேசிக்கொள்வீர்கள் என்று தோன்றியது.

தெருமுனைத் தையல்காரரின் பூனையையும் இரவல் வாங்கி வந்தேன். எலி என்றால் காட்டிக்கொடுக்கும் என்பது என் கணக்கு. அது சுவருக்கு முன்னால் இரண்டு நிமிஷம் உட்கார்ந்தது. காதை இப்படியும் அப்படியும் திருப்பியது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நோட்டைத் திறந்தேன். அது எழுந்து போய், பேத்திக்காக வாங்கிய புது மெத்தையில் ஏறிச் சுருண்டு படுத்து மூன்று நாள் தூங்கியது. நாலாம் நாள் தையல்காரர் வந்து, "நல்லா தெளிஞ்சிருக்கு சார், உங்க வீடு ஒத்துக்குது" என்று சொல்லித் தூக்கிக்கொண்டு போனார். மெத்தையைத் துவைத்து வெயிலில் காயவைத்துவிட்டோம். உங்களுக்குச் சொல்ல வேண்டாம் என்று உங்கள் அத்தை சொன்னாள். சொல்லவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் ஜன்னல் விளிம்பில் கோதுமை மாவைத் தூவி வைத்தேன். காலையில் அதில் சின்னச் சின்னக் கால் தடம். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. தடத்தை நோட்டில் அப்படியே வரைந்துகொண்டு கால்நடை மருத்துவமனைக்கு ஓடினேன். ஒரு கன்றுக்குட்டிக்கும் இரண்டு நாய்களுக்கும் பிறகு என் முறை வந்தது. மருத்துவர் அம்மா சின்ன வயதுக்காரர். "பேஷண்ட் எங்க?" என்றார். நோட்டை நீட்டினேன். அதை நேராகவும் தலைகீழாகவும் பார்த்தார்.

"இதை வரைஞ்சது யாரு?"

"நான்தாம்மா."

"நீங்க வரைஞ்சபடி பார்த்தா இது வாத்து. சுவருக்குள்ள வாத்து போகாது. சத்தம் எப்பப்ப வருது, அதைச் சொல்லுங்க."

மாப்பிள்ளை, உங்கள் மூன்று பக்கத்தைத் தவிர இதுவரை யாரும் என்னிடம் கேட்காத கேள்வி இது. நோட்டின் மற்ற பக்கங்களைப் புரட்டிக் காட்டினேன். "காலையில ஏழு மணிக்கு ஆரம்பிக்குது. மத்தியானம் ஒரு மணி நேரம் சத்தம் இல்ல. சாயந்திரம் ஆறு மணிக்கு எல்லாம் முடிஞ்சுடுது. அதுக்கப்புறம் காலையிலதான்."

"எலியா இருந்தா ராத்திரிதான் உருட்டும். பகல்ல வேலை செஞ்சுட்டு பொழுது சாய்ஞ்சா அடங்குதுன்னா அது அணில் சார். வெளிச்சுவர்ல எங்கயாவது ஓட்டை இருக்கும், போய்ப் பாருங்க."

ஜெனரல் ஷிப்ட்! முப்பத்து நாலு வருஷம் ஷிப்ட் பார்த்தே ஆளை அடையாளம் சொன்ன எனக்கு இது தோன்றவில்லையே என்று வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷம் தாங்கவும் முடியவில்லை. அங்கேயே மருத்துவர் அம்மாவுக்குக் கும்பிடு போட்டேன். அடுத்து நின்ற கோழிக்காரர் எனக்கு என்ன வியாதியோ என்று ஒதுங்கிக்கொண்டார்.

வீட்டின் பின்பக்கம் போய்ப் பார்த்தால் ஓட்டை இருக்கிறது. அந்த அறையில் முன்பு ஜன்னல் ஏசி இருந்ததும், அதை எடுத்த பிறகு உள்பக்கம் பலகை அடித்து வெளிப்பக்கம் செங்கல் வைத்து அடைத்ததும் என் மகளுக்கு ஞாபகம் இருக்கும். செங்கல் வைத்தவர் மேல் மூலையில் ஒரு கை நுழைகிற இடம் விட்டிருக்கிறார். பலகைக்கும் செங்கலுக்கும் நடுவே நல்ல காற்றோட்டமான ஓர் அறை. குழந்தையின் அறையைவிட வசதி. நாங்கள் இத்தனை நாளும் வீட்டுக்குள் இருந்தபடியே சுவரைத் தட்டிக்கொண்டிருந்தோம். வெளியே போய்ப் பார்க்க வேண்டும் என்று பிளம்பருக்கும் தோன்றவில்லை, எலக்ட்ரீஷியனுக்கும் தோன்றவில்லை, அகராதிக்கும் தோன்றவில்லை, மூன்று பக்கம் எழுதிய தங்களுக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

நாற்காலியைப் பின்பக்கம் போட்டு, இரண்டு நாள் வருகைப் பதிவு எடுத்தேன். ஆள் ஒன்றுதான், அடித்துச் சொல்கிறேன். 7.10 வெளியே. 7.25 வாயில் உங்கள் அத்தையின் பழைய தலையணைப் பஞ்சோடு உள்ளே. 7.50 வெளியே. போனவரே வருகிறார், வந்தவரே போகிறார். என் சர்வீஸில் இவ்வளவு சுத்தமான கணக்கு அமைந்ததில்லை. இன்று காலை கொத்தனாரைக் கலவையோடு தயாராக நிற்க வைத்தேன். 9.40க்கு ஆள் வெளியே போனதும் விரலை உயர்த்தினேன். 9.52க்குள் செங்கல் வைத்துப் பூசி முடித்துவிட்டார். "உள்ளே: பூஜ்யம். வெளியே: ஒன்று" என்று எழுதிக் கோடு போட்டுக் கையெழுத்தும் போட்டேன்.

ஆகவே, மாப்பிள்ளை அவர்களே, தாங்கள் கேட்ட பெயர் அணில். நபர் வெளியேற்றப்பட்டார். சுவர் காலி என்று இதன் மூலம் எழுத்து மூலமாக உறுதி அளிக்கிறேன். அறைக்குப் போன வாரமே இளமஞ்சள் வர்ணம் அடித்தாகிவிட்டது. தொட்டில் சுவரோரம் போட்டாகிவிட்டது. ஒரு சத்தமும் இல்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை என் மகளையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு வரவும். டேப்பும் டார்ச்சும் வேண்டுமானால் கூட வரட்டும். மூவரும் நோய் நொடியில்லாமல், நிறைய தூக்கமும் குறைந்த மீட்டிங்கும் பெற்று வாழ வாழ்த்துகிறேன். உங்கள் அத்தை தன் ஆசியைத் தனியாகச் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
தங்கள் உத்தரவுப்படி நடக்கும்
மாமனார்.

பின்குறிப்பு: மேலே அளித்த உறுதியில் அணில் என்பது மட்டும் உண்மை. மற்றதை அடித்துவிடவும்.

உறையில் பசை தடவிக்கொண்டிருந்தபோது உங்கள் அத்தை கூப்பிட்டாள். மூலை அறை ஜன்னல் கம்பியில் அணில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தது. விரட்டினேன், போகவில்லை. வாலைத் தூக்கித் தூக்கிப் போட்டு என்னைப் பார்த்தே கத்தியது. இடம் போன கோபம், போய்விடும் என்று விட்டுவிட்டேன். ஒரு மணி நேரம் ஆயிற்று, தொண்டை வற்றியும் நிறுத்தவில்லை. "சுவர்ல காதை வைங்க" என்றாள் உங்கள் அத்தை. டம்ளர்கூட வேண்டியிருக்கவில்லை. உள்ளே இழை மாதிரி ஒரு கீச்சுக் குரல். ஒன்றல்ல, இரண்டு மூன்று. உங்கள் மூன்று பக்கத்தில் இந்தச் சத்தம் இல்லை. என் நோட்டிலும் இல்லை. உள்ளே போனவரையும் வெளியே வந்தவரையும் மட்டும்தான் எண்ணினேன். என் முப்பத்து நாலு வருஷத்தில் கேட்டுக்குள் யாரும் பிறந்ததில்லை, மாப்பிள்ளை.

கொத்தனார் போனை எடுக்கவில்லை. வெளியே ஏணியில் ஏற என் கண்ணை நம்ப முடியவில்லை. சுத்தியலை எடுத்து, உள்பக்கத்திலிருந்தே இளமஞ்சள் வர்ணத்தின் மேல் ஓங்கி அடித்தேன். பலகை உடைந்து தொட்டில் முழுக்கத் தூசி. பஞ்சுக்குள் மூன்று குஞ்சுகள். கண் திறக்கவில்லை, ஒவ்வொன்றும் என் கட்டைவிரல் அளவுதான். பஞ்சோடு சேர்த்து உள்ளங்கையில் வாங்கினேன். சூடாக இருந்தன. எனக்கு அழுகை வந்துவிட்டது, இதைச் சொல்ல வெட்கமில்லை. இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு இருவரும் கதவோரம் போய் நின்றோம். தாய் ஜன்னல் வழியாக உள்ளே பாய்ந்து, தொட்டில் விளிம்பில் ஏறி, ஓட்டைக்குள் புகுந்தது. கீச்சுச் சத்தம் நின்றுவிட்டது.

இனி அவர்களுக்கு வழி மூலை அறை ஜன்னல்தான். குஞ்சுகள் கண் திறந்து கிளம்பும்வரை அந்த அறை அவர்களுக்கு. தொட்டிலைத் துடைத்து எங்கள் அறைக்கு மாற்றிவிட்டோம். பாதுகாப்பு விதிகளின்படி இதெல்லாம் சரியா என்று எனக்குத் தெரியாது. கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்று உட்கார்ந்தேன். உங்கள் அத்தை விடவில்லை. தலையில் இன்னும் சுண்ணாம்புத் தூசியோடு பக்கத்தில் நின்றுகொண்டு, "இதை அப்படியே அனுப்புங்க, கூட நான் சொல்றதையும் எழுதுங்க" என்கிறாள். எழுதிவிட்டேன்:

"அந்த அணிலுக்கு ஒரு மணி நேரத்துல சுவரை உடைச்சுக் குடுத்தாச்சு. என் பொண்ணை நான் எப்ப பார்க்கறதுன்னு மாப்பிள்ளையைக் கேளுங்க."